வெளிச்ச மேசை

ஈசாஃபியர்துர் துறைமுகத்து மீன் ஆலையில்
இருபத்து மூன்று வருஷமாய் போஜெனாவுக்கு ஒரே வேலை.
அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசைமேல்
தோலுரித்த காட் மீன் துண்டு வந்து விழும்.
சதை ஒளிவிடும்.
உள்ளே பழுப்பாய்ச் சுருண்டு கிடக்கும் ஒரு நூல்.
இடுக்கியால் எடு. அடுத்தது.
துண்டுக்கு நான்கு விநாடி.

தன் முதுகை யார் அந்த மேசையில் போட்டுப் பார்ப்பது?
மச்சம் என்றுதான் இருந்தாள்.
ரேய்க்யாவிக்கில் அதை வெட்டியெடுத்தபோது
நுரையீரலில் அதன் பிள்ளைகள் மூன்று.

டாக்டர் ஸ்டெய்னுன்
ஒரு பழைய உறையின் பின்பக்கம் வரைந்து காட்டினாள்.
ஒவ்வொரு செல்லும் உள்ளே சமைப்பதில் ஒரு துணுக்கை
வாசலில் எடுத்து வைக்கும்.
டி செல்கள் தெருத்தெருவாய் வந்து
தடவிப் பார்த்துப் போகும். கண் கிடையாது அவற்றுக்கு.
மார்பெலும்புக்குப் பின்னால் ஒரு சின்னச் சுரப்பியில்
பரீட்சை முடித்தவை அவை.
சொந்த உடம்பைக் கடித்தவை அங்கேயே செத்தன.
எதையும் தடவி அறியாதவையும் செத்தன.
நூற்றுக்கு இரண்டோ மூன்றோ வெளியே வந்தன.

"அப்புறம் இதை ஏன் விட்டன?"
ஒரு மேற்பார்வையாளரின் குரல் போஜெனாவுக்கு.

புழு வெளியாள். புற்று வீட்டாள்.
அது நீயேதான், ஓர் எழுத்துப் பிழையோடு.
தமிழில் எழுதுகிற நான் இங்கே குறுக்கிடுகிறேன்:
வாழ் என்பதை வாள் என்று எழுதிவிட்டால் போதும்.

அந்தப் பிழையையும் சில செல்கள் கண்டுபிடித்தன.
கட்டிக்குள் நுழைந்து
கை ஓங்கிய நேரத்தில்
புற்று அவற்றின் முதுகில் தட்டிக்கொடுத்தது.
போதும், தூங்கு, தூங்கு.
தட்டினால் தூங்கும் இடம் ஒன்று
அவற்றின் மேலேயே உண்டு.
அது இல்லாவிட்டால்
ஒரு ஜலதோஷத்துக்கே உடம்பைக் கொளுத்திவிடும்.

மருந்து செய்வது இவ்வளவுதான்:
அந்த முதுகைப் போர்த்துவது.
தட்ட வரும் கை வழுக்கும்.

மூன்று வாரத்துக்கொரு முறை குட்டி விமானம், ஊசி, சாய்வு நாற்காலி.
பக்கத்து நாற்காலியில்
கம்பளி பின்னிக்கொண்டிருந்தார் ஓர் ஆட்டுப் பண்ணைக்காரர்.
ஒரு கை முடிந்திருந்தது.
ஐந்தாம் முறை அவர் வரவில்லை.
போஜெனா அவர் பெயர் கேட்டிருக்கவில்லை.

பிறகு அரிப்பு.
பிறகு நாலு ராத்திரி கழிவறையிலேயே.
விழித்துக்கொண்டதெல்லாம் நல்ல பிள்ளைகள் இல்லை.

மார்ச்சில் புறங்கையில் வெள்ளைத் திட்டுகள்.
கட்டைவிரலுக்குக் கீழே ஒன்று, காசளவு.
ஸ்டெய்னுன் அந்தக் கையைப் பிடித்தவள் விடவில்லை.
"நிறம் செய்கிற செல்களையும் தின்கின்றன.
புற்று பிறந்த குடும்பம் அதுதான்.
ஜாடை பிடிபட்டுவிட்டது அவற்றுக்கு."
சிரிக்கலாமா என்று தெரியாமல் இருவரும் சிரித்தார்கள்.

படத்தில் மூன்றில் இரண்டு சுருங்கியிருந்தன.
மூன்றாவது அப்படியே.
உயிரா, வெறும் தழும்பா,
படம் சொல்லாது.

ஜூனில் வேலைக்குத் திரும்பினாள்.
கையுறை மாட்டுமுன்
வெறுங்கையை ஒருமுறை கண்ணாடிமேல் வைத்தாள்.
விரல் விளிம்புகளில் சிவப்பாய்க் கசிந்தது வெளிச்சம்.

முதல் துண்டு வந்து விழுந்தது.
அதில் ஒன்றுமில்லை.
புரட்டினாள். ஒன்றுமில்லை.
இன்னொரு முறை புரட்டினாள்.
பின்னால் மீன்கள் குவியத் தொடங்கின.