பதினேழாவது சட்டகம்

டார்ட்டு அருங்காட்சியகத்தின் கீழ்த்தளம்.
ஞாயிறு, குடும்பங்களுக்கான அசைபட வகுப்பு.
வெளியே பனி; உள்ளே
ஈரக் கையுறைகளின் வாடை.

களிமண் நரியை நகக்கண் அளவு
நகர்த்துகிறார் உர்மாஸ்.
"கையை எடுங்க அப்பா" என்று
பொத்தானை அமுக்குகிறாள் ஹெல்மி.
நகர்த்து. எடு. நகர்த்து. எடு.
ஒன்றரை மணி நேரத்தில் நரி
மேசையில் பாதிதான் கடந்திருக்கிறது.

ஓட்டிப் பார்த்தால் நான்கே நொடி.
நடுவில் ஏதோ மின்னி மறைகிறது:
விலகத் தாமதித்த கை,
கட்டைவிரலில் பிளாஸ்திரி.

"அழித்துவிடலாமே" என்கிறாள் பயிற்சியாளர்.
"வேண்டாம்."

நாளை இரவுக் கப்பலில் ஹெல்சிங்கி,
கட்டட வேலை,
அடுத்த விடுப்பு ஈஸ்டருக்கு.

நொடியைப் பன்னிரண்டாய் நறுக்கியதில்
ஒரு துண்டு.
போர்வைக்குள், கைபேசி வெளிச்சத்தில்,
நரி அதைத் தாண்டுகிறது,
திரும்பி வந்து
மறுபடி தாண்டுகிறது.