பதவி உயர்வுப் படிவம், பக்கம் ஏழு

மொத்த வெளியீடுகள்: இருபத்தாறு.
மொத்த மேற்கோள்கள் என்ற கட்டத்தில்
பென்சிலால் எழுதி, அழித்து, எழுதுகிறேன்.
கணினிக்கு நான் இரண்டு பேர்.

அப்பாவின் க-வை முன்னால் வைத்து
ஒன்பது கட்டுரை எழுதிய இன்பவதனி ஒருத்தி.
கலியாணத்துக்குப் பிறகு நெ-வை வைத்து
பதினேழு எழுதியவள் வேறொருத்தி.
பின்னவள் முன்னவளைப் பதினொரு தடவை
மேற்கோள் காட்டியிருக்கிறாள்,
என்ன பெருந்தன்மை.
இரண்டு பேரும் குருமன்காட்டில் ஒரே மின்விசிறிக்குக் கீழே
ஒரே தேத்தண்ணியை ஆறவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.
படிவம் வியாழனுக்குள் போகவேண்டும்.

அதிகம் பேர் எடுத்தாண்டது,
நூற்று நாற்பத்து மூன்று,
சிறுநீரக நோயைப் பற்றியதே அல்ல.
குளிர்பெட்டி இல்லாத ஊரில்
மாதிரிக் குப்பிகள் எத்தனை மணிநேரம் தாங்கும் என்பது.
முல்லைத்தீவில் இருந்து மீன் கொண்டுவரும் அருள்தாஸ்
பாரைக்கும் சூடைக்கும் போட்ட ஐஸில்
பாதியை எங்கள் ரெஜிபோம் பெட்டிக்குள் கொட்டினார்.
நன்றியுரையில் அவர் பெயர் இருக்கிறது,
ஓர் எழுத்து பிசகி.
விடை ஆறு மணிநேரம்.
பிரேசிலில் ஒருவர் எட்டு என்கிறார்,
என்னைச் சாட்சிக்கு வைத்து.
அவரைச் சாட்சிக்கு வைத்து இன்னும் பதினான்கு பேர் எட்டு.
கடிதம் எழுதினேன். பதில் இல்லை.
அந்தப் பதினைந்தும் என் கணக்கில்தான் சேருகிறது.

ஒருவருமே எடுத்தாளாதது
நெடுங்கேணிக்கு அப்பால் முப்பத்தொரு கிணறு.
வரைபடத்தில் முப்பது புள்ளிகள் ஒழுங்காக நின்றன.
ஒன்று மட்டும்
தாளை விட்டு ஏறிப் போகப் பார்த்தது.
மதிப்பாய்வாளர் அதை விலக்கச் சொன்னார்.
விலக்கினேன்.
அடிக்குறிப்பில் ஒரு வரி: கிணறு 19 சேர்க்கப்படவில்லை.

அது பவளமலர் வீட்டுக் கிணறு.
கிணற்றடியில் இரண்டு தோடை,
ஒன்று காய்க்கும்.
புருசன் செவ்வாயும் வெள்ளியும்
வவுனியா ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கப் படுத்திருப்பார்,
பஸ்ஸுக்கு மிச்சக் காசைச் சாரத்து மடிப்பில் முடிந்தபடி.

இடையில் ஒரு கேள்வி.
இரண்டாயிரத்து எட்டு ஆவணி முதல்
இரண்டாயிரத்துப் பத்து பங்குனி வரை
வெளியீடு எதுவும் இல்லை. காரணம்?
ஐம்பது சொற்களுக்கு மேற்படாமல்.
வன்னியில் இருந்தேன், என்று எழுதினேன்.
மிச்சம் நாற்பத்தெட்டு.
ஒரு தறப்பாள், அதற்குக் கீழே நனைந்து ஒட்டிப்போன
தரவுக் கொப்பி ஒன்று, அதில் பிரிக்க வராத பக்கங்கள்.
சொல் எண்ணி மாளாது.
அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

போன மாதம் பவுசர் வரிசையில்
என்னைத் தெரியாத ஒரு பொடியன்
எனக்கே சொன்னான்:
"கொதிக்க வைச்சாக் காணும் அக்கா,
பிறகு எந்தக் கிணத்துத் தண்ணியும் குடிக்கலாம்.
கம்பஸ் டொக்டர் அம்மா சொன்னவா."

நான் சொன்னது,
கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைட்டு போகாது,
வற்ற வற்றக் கூடும் என்று.
கூட்டம் வைத்துச் சொன்னேன். கரண்ட் இல்லாத மண்டபத்தில்
கத்திச் சொன்னேன்.
பிரேசில்காரருக்கும் பொடியனுக்கும்
இடையில் எத்தனை கடல்,
இரண்டு பேரும் என்னை ஒரே மாதிரித்தான் வாசித்திருக்கிறார்கள்.

கடைசி வாளி நிரம்பும்வரை நின்று
ஒவ்வொருவராய்த் திருத்தினேன்.
பவளமலர் தலையாட்டினாள்.
"ஓம் பிள்ளை, விளங்குது.
ஆனா பவுசர் வெள்ளிக்கிழமைதானே வாறது."

அடுத்த நாள் அருள்தாஸின் லாண்ட்மாஸ்டரில்
தகரப் பலகை ஒன்று கொண்டுபோனோம்.
சிவப்புப் பெயின்ற் என் செலவு, எழுத்து அவருடையது,
இந்தமுறை பிழை அவருடையது,
"கூடாது" கால் இல்லாமல் "கூடது" ஆகிவிட்டது.
விளங்கும் என்றார்.

இருபத்தேழு, என்று பென்சிலால் திருத்துகிறேன்.
ஆசிரியர்கள்: க. இன்பவதனி, நெ. இன்பவதனி.
ஆய்விதழ்: பத்தொன்பதாம் கிணற்றுக் கட்டு.
மேற்கோள்: ஒரு கொடிக்கயிறு.
பலகையின் காலில் கட்டி
உடுப்புக் காயப்போடுகிறார்களாம்.

தாக்கம் என்ற கட்டம் வெறுமையாய்க் கிடக்கிறது.
இன்றைக்குப் புதன்.
வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால்தான்
எழுதலாம்.