வரவு

ரெட்ரூத்தில், பேக்கரிக்கு மேல்மாடியில்,
ஈரம் பூத்த சுவரோரம் உட்கார்ந்து
கேமராவைச் சரிசெய்கிறேன்.
தோள் தெரியட்டும். நீலப் பாசி தெரியட்டும்.
அதற்குக் கீழே ஏழு மாதம்,
மேசை விளிம்பின் மறைவில்.

டென்ஸிலும் பாதிப் பொய்தான்:
மேலே இஸ்திரி போட்ட சட்டை,
கீழே படகுப் பட்டறையின் எண்ணெய்க் கறை.

கேள்வி கேட்பது என் தொழில்.
ஆம்புலன்ஸ் அழைப்பறையில் ஒன்பது வருடம்.
மூச்சு இருக்கிறதா. கண் திறக்கிறாரா.
வாசல் கதவைத் திறந்து வையுங்கள்,
நாயைக் கட்டிப்போடுங்கள்.
பதில் சொல்கிற பக்கத்தில்
இப்படி வேர்க்கும் என்று தெரியாது.

திரையில் வங்கிக்காரர், திரு. பெங்கெல்லி.
தோளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் செடி.
சம்பளம் கேட்டார். கார் கடன் கேட்டார்.
டென்ஸிலின் மூத்த மகளுக்கு
மாதாமாதம் போகிற தொகை கேட்டார்.
நாய்க்கு எவ்வளவு ஆகும் என்றும் கேட்டார்.
முப்பது பவுண்டு என்று
டென்ஸில் சும்மா அடித்துவிட்டான்.

பிறகு, தலை நிமிராமல்:
"அடுத்த ஓராண்டில் உங்கள் நிலைமையில்
மாற்றம் ஏதும் எதிர்பார்க்கிறீர்களா?"

என் முழங்காலை அழுத்தினான் டென்ஸில்.
ராத்திரியே பேசி வைத்திருந்தோம்.
இல்லை.
மூன்றே எழுத்து. மூன்று படுக்கையறை.

பாதமோ முட்டியோ,
உள்ளிருந்து ஒன்று மேசையை இடித்தது.
கேமரா அசையவில்லை.

"ஒன்றுமில்லை, லேசாத்தான் நெஞ்சு வலிக்குது"
என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.
அவர்களுக்கெல்லாம்தான்
முதல் வண்டியை அனுப்பினேன்.

எழுந்து நின்றேன்.
திரை முழுக்க வயிறு.
கோடு போட்ட ஸ்வெட்டரில்
தலையில்லாத ஒரு வயிறு
வங்கியை நேருக்கு நேர் பார்த்தது.

"ஓ" என்றார் பெங்கெல்லி.
"வாழ்த்துகள்" என்றார்.
அப்புறம் கீபோர்டு மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

விடுப்பு எப்போது. திரும்புவது எப்போது.
மேலாளரின் கடிதம் வேண்டும், தேதி போட்டு.
அரைச் சம்பளம் எத்தனை வாரம்,
அரசாங்கச் சில்லறை எத்தனை வாரம்,
வெறுங்கை எத்தனை வாரம்.
வேலைக்குப் போனபின் பிள்ளையை யார் பார்ப்பார்,
அதற்கு எவ்வளவு.

பெயர் யோசிக்கவில்லை.
ஆணா பெண்ணா, கேட்டுக்கொள்ளவில்லை.
அதற்குள் அதற்கு ஒரு வரி விழுந்துவிட்டது:
காப்பகம், மாதம் எண்ணூற்று எழுபது.
இந்த உலகத்துக் காகிதத்தில்
என் பிள்ளை முதலில் ஏறிய இடம்
செலவுப் பத்தி.
வரவு என்றல்லவா
சொல்லிக்கொண்டிருந்தோம் வீட்டுக்குள்.

முப்பத்தெட்டாயிரம் குறைந்தது.
மூன்றாவது அறை போயிற்று,
அதன் ஜன்னலில் நின்ற ஆப்பிள் மரமும்.
டென்ஸில் பேசாமல் கெட்டிலை வைத்தான்.
அலமாரியைத் திறந்து
இரண்டு கோப்பை எடுத்தான்.
அதுவரை பயமாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து வந்தது கடிதம்.
வேறொரு வீட்டுக்கு. தண்டவாளத்தை ஒட்டி,
இரண்டே அறை,
பழைய வெள்ளீயச் சுரங்கத்தின் புகைபோக்கியைப் பார்த்தபடி.
பதினேழாம் பக்கத்தில்:
தவணை நாள் தள்ளிப்போனால் அபராதம்.
சத்தமாகச் சிரித்தேன்.
நாள் தள்ளிப்போனதில் ஆரம்பித்ததுதானே எல்லாம்.

ஒப்புதல் ஆறு மாதம் செல்லும் என்கிறார்கள்.
எனக்கு எட்டு வாரம்.

சாட்சிக் கையெழுத்துக்கு
கீழேயிருந்து ஏறி வந்தாள் லவ்டே,
முழங்கைவரை மாவோடு.
மேசையில் நாப்கின் மூட்டைகள்.
பத்திரத்தை வயிற்றின் மேலேயே வைத்து எழுதினேன்.
பாதிப் பெயரில் ஓர் உதை.
பேனா சறுக்கி
மோர்வென்னாவின் நடுவே
வேண்டாத ஒரு சுழி.

"வேறு தாள் கேட்கலாமா?" என்றாள் லவ்டே.
வேண்டாம் என்றேன்.
அவள் விரல் பட்ட இடத்தில் மாவு,
ஊதிவிட்டு
உறையில் போட்டேன்.