கூட்டல் கழித்தல் எண்ணூறு

பதினான்காவது கொண்டை ஊசி வளைவில்
பேருந்து மூச்சு வாங்கியபோது
பாறையில் கீறல்களைப் பார்த்தேன்.
இணையாக, நீளமாக,
ஒரே பக்கம் சாய்ந்து ஏழெட்டுக் கோடுகள்.
இறங்கிவிட்டேன்.
"வாந்திங்களா?" என்றார் நடத்துநர்.

கீறலைக் கண்டால் குனிவது என் பிழைப்பு.
லாஹௌலில், நாலாயிரம் மீட்டரில்,
காது மரத்துப்போக இப்படித்தான் குனிந்திருக்கிறேன்.
பனி ஏறி வந்த பக்கம் வழவழப்பு,
இறங்கிப் போன பக்கம் பிய்ந்த கரடு.
கண்ணை மூடிக்கொண்டாலும்
விரல் சொல்லிவிடும், எந்தத் திசையென்று.

சேர்வராயன் மலைக்கு ஏது பனியாறு.
வடக்கே கடல்நீரெல்லாம் உறைந்து
கண்டங்களின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த நாளிலும்
இங்கே வறண்ட காற்றும் புல்லும்தான் இருந்திருக்கும்.
அதற்கும் முன்னால்,
முப்பது கோடி வருடம் முன்னால்,
இந்த நிலம் தென்துருவத்துப் பக்கம் கிடந்தபோது
வந்திருக்கலாம்.
வந்திருந்தாலும் அந்தத் தோலை
மழை எப்போதோ உரித்துக் கழுவிவிட்டது.
எல்லாம் தெரியும் எனக்கு.
இருந்தும், சித்திரை வெயிலில்,
பிடரியில் ஒரு குளிர்.

பள்ளத்தின் ஓரத்தில்
மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

வளைவுக்கு அப்பால் ஜேசிபி நின்றது.
அதன் நிழலில் உட்கார்ந்து
தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்தவர்
மாதேஷ் என்று பேர் சொன்னார்.
"நாந்தான் இழுத்தேன் மேடம். ரோடு அகலம் பண்றோம்."
என்றைக்கு என்று கேட்டேன்.
"செவ்வாய்... இல்ல இல்ல, புதன்.
அன்னைக்குத்தான் டீசல் தீர்ந்துபோச்சு."

இருபது வருடத்தில்
இவ்வளவு துல்லியமாக ஒரு கீறலுக்கு
நான் தேதி வாங்கியதில்லை.

என் முறை வேறு.
பனி சுமந்துவந்து போட்டுவிட்டுப் போன பாறையில்
ஒரு துண்டு பெயர்த்து, மூட்டை கட்டி,
ரயிலில் சேலம் கொண்டுவந்து,
இடித்து, சலித்து, அமிலத்தில் ஊறவைத்து
குவார்ட்ஸ் மணிகளை மட்டும் பொறுக்குவேன்.
வெட்டவெளியில் கிடக்கும் கல்மேல்
வானத்திலிருந்து கதிர் விழுந்துகொண்டே இருக்கும்.
விழ விழ உள்ளே
பெரிலியம் அணு ஒன்றிரண்டாய்ச் சேரும்.
அதை எண்ணினால் வருடம்.
பனிக்கு அடியில் புரண்ட காலம்
கல்லின் கணக்கில் இல்லை.
மூடியிருந்தது விலகிய நாள்தான் அதற்கு ஒன்றாம் தேதி.

போன மாதம் ஒரு பாறை வாய் திறந்தது:
பதின்மூவாயிரத்து நானூறு,
கூட்டல் கழித்தல் எண்ணூறு.
அந்த எண்ணூறுக்குள் சோழர்கள் வந்து போய்
அவர்களுக்குப் பின்னாலும் இடம் மிச்சமிருக்கும்.

எங்கள் அப்பா போனது எப்போது என்றால்
அம்மா "மல்கோவா வர்ற நேரம்" என்பாள்.
அதுவும் ஒரு பிழை எல்லைதான்.
நான் மேற்கொண்டு கேட்டதில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் என் வாடகை அறைக்குக் கீழே
ஐஸ் கம்பெனி.
அங்கமுத்து பாளங்களைக் கொக்கி போட்டு இழுத்துவந்து
உமி தூவிச் சாக்கில் மூடுவார்.
மத்தியானத்துக்குள் ஒன்று கரைந்துவிட்டால்
அது நின்ற எல்லையில்
உமியும் மண்ணும் பொடிக்கல்லும்
வளைந்த கரையாய்க் கிடக்கும்.
அதற்கு எங்கள் புத்தகத்தில் ஒரு பிரெஞ்சுப் பேர் உண்டு.
அவர் விளக்குமாற்றால் தள்ளிவிடுவார்.

குறிப்பேட்டைத் திறந்து எழுதினேன்:
சார்னோக்கைட், நீலச் சாம்பல்.
கீறலின் திசை வடகிழக்கு.
இழுத்தவர் மாதேஷ்.
காலம் புதன்,
கூட்டல் கழித்தல் ஒரு நாள்.

எழுதிவிட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது.
மலைக்குள் இருட்டில் கிடந்த இந்த முகத்தின் மேல்
புதன்கிழமையிலிருந்து
வானம் விழ ஆரம்பித்திருக்கிறது.
எண்ணத் தொடங்கியாகிவிட்டது.
யாரோ வந்து இடித்துப் பார்க்கட்டும்.

மாதேஷ் கடைசித் தட்டுவடையை நீட்டினார்.
காரம்.
அடுத்த பஸ் முக்கால் மணி நேரம் கழித்து என்றார்,
கொஞ்சம் முன்னே பின்னே.