துண்டு போடாத பேரம்

ஐஸ் ஃபாக்டரிக் கணக்கை மூடிவிட்டு
எட்டரைக்கு மொட்டைமாடி ஏறுவேன்.
முதுநகர்த் துறைமுகத்தின் டீசல் வாடை,
தெற்கே இருந்து வரும் சிப்காட்டின் வாடை,
இரண்டுக்கும் நடுவே இருபது மீட்டர் செம்புக்கம்பி.
ஒரு முனை தண்ணீர்த் தொட்டியில்,
மறுமுனை பக்கத்து வீட்டு முருங்கையில்
(கிளை ஒடிந்தால் என் பொறுப்பு).

முத்தியால்பேட்டையிலிருந்து அமலோர்பவன்
புதிய மோடில் அழைத்த முதல் இரவு
காதுக்கு ஒன்றுமே இல்லை.
காய்ந்த எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல் ஓர் இரைச்சல்.
திரையில் மட்டும் எழுத்து எழுத்தாய் விழுந்தது:
சா ப் பி ட் டா ச் சா

ஓர் எழுத்தைப் பதினெட்டாய் உடைத்து
இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் அகலத்துக்குள்
இங்கொன்று அங்கொன்று தெளிக்கிறது.
அடுத்த சில்லு எங்கே விழும் என்பது
ஒரு பட்டியலில் இருக்கிறது.
பட்டியல் எல்லோருக்கும் பொது.
என்னிடமும் ஒரு பிரதி உண்டு.

"அப்படியானால் இது ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம்தானே?"
சனிக்கிழமை மஞ்சக்குப்பம் டீக்கடையில் கேட்டான்.
மின்துறையில் மீட்டர் சோதிப்பவன்,
முள் அரைக்கோடு நகர்ந்தாலும் எழுதி வைப்பவன்.
"நம் லைசென்ஸில் அதற்கு இடம் இருக்கிறதா?
தேவைக்கு மேல் விரித்தாலே அது பரவல்."

யாருடைய தேவை, என்றேன்.
நீ குரலில் பேசினால்
இரண்டாயிரத்து எழுநூறு ஹெர்ட்ஸ் ஆகிறது.
அதில் பாதி உன் இருமல்.
அதை யாரும் பரவல் என்று எழுதியதில்லை.

சிரித்தான். ஒப்புக்கொள்ளவில்லை.
"குரல் அகலமாகவே பிறந்தது, மங்கையர்க்கரசி.
இது குறுகலாகப் பிறந்து
அகலமாக்கப்பட்டது."

இரண்டு நாள் அந்த வாக்கியம்
கன்னத்தில் முள் மாதிரி கிடந்தது.

திங்கட்கிழமை ஐஸ் பாக்கி வசூலிக்க
ஏலக்கூடத்துக்குப் போனேன்.
தூணோரம் இரண்டு வியாபாரிகள்
துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.
ஒரு முழம் அகலம்கூட இல்லாத துண்டு.
எதுவும் எங்கும் பரவவில்லை.
ஆனாலும் வஞ்சிரம் என்ன விலைக்குப் போனது என்று
கூடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எதிர்ப்புறம் ஏலக்காரி சடையாச்சி
நாலாயிரம், நாலாயிரத்து இருநூறு என்று
வாயை விரித்துக் கூவினாள்.
கூரைத் தகரம்வரை பரவியது,
பனிக்கட்டி சுமப்பவனுக்கும் நாய்க்கும் கேட்டது.

விதி பயப்படுவது
அகலத்துக்கா, துண்டுக்கா?

இதையே கொஞ்சம் மரியாதையாக
மூன்று பக்கம் எழுதினேன்.
அலைவரிசைப் படம் இரண்டு, பட்டியல் ஒன்று இணைத்து
உரிமம் தரும் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போட்டேன்.
பதில் வரும்வரை அந்த மோடைத் தொடக்கூடாது
என்பது அமலோரின் நிபந்தனை.

நாற்பத்தோராம் நாள் பதில் வந்தது:
தங்கள் மனு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது.
அடுத்த மாதம் வேறொரு பிரிவிலிருந்து, அதே வரி.
பிறகு இன்னொன்று, வேறு ஊர் முத்திரையோடு.

கடிதம் தாவிக்கொண்டிருக்கிறது.
அதன் பட்டியல்தான்
என்னிடம் இல்லை.

ஐப்பசி பிறந்துவிட்டது.
இடி இல்லாத இரவுகளில் குரலில் பேசிக்கொள்கிறோம்.
இரைச்சலில் பாதி வார்த்தை கரைந்துபோகிறது.
என்ன, என்கிறான்.
என்ன, என்கிறேன்.
இரண்டாயிரத்து எழுநூறு ஹெர்ட்ஸ்,
முழுக்க அனுமதி பெற்றது.