எடை

இரவு இரண்டு மணிக்கு
ஜெலுத்தோங் ஐஸ் ஆலையின் பின்வாசலில்
ஐம்பது கட்டிகள் ஏற்றிக்கொண்டேன்.
கட்டிக்கு அறுபது கிலோ என்பது கணக்கு.
நீலத் தார்ப்பாய், நான்கு கயிறு,
வழியில் உருகும் என்று தெரிந்தே
எழுதிக் கொடுக்கிற ரசீது.

சகாயமேரி நியூசிலாந்தில் இருக்கிறாள்.
காப்புறுதி விற்றதில் பினாங்குக் கிளையில் முதலிடம்.
ஆறு நாள் பேருந்து, ஏரி, மலை, ஆட்டு மந்தை,
கடைசி நாள் ஹெலிகாப்டரில்
பனியாற்றின் மேல் இருபது நிமிடம்.
கம்பெனி கொடுத்தது ஒரு டிக்கெட்தான்.
"காசு கட்டி நீங்களும் வாங்களேன்" என்றாள்.
தவுக்கேயிடம் நான் விடுப்புக் கேட்கவில்லை.
கேட்டேன், கொடுக்கவில்லை என்று
அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

பத்து மாவுங்கில் பத்துக் கட்டி.
தெலுக் கும்பார் மீன்துறையில் பதினைந்து.
கடலை விட்டுச் சாலை மலைக்குத் திரும்பும் இடத்தில்
கைப்பேசி ஒளிர்ந்தது. ஓரங்கட்டினேன்.
எனக்கு மணி நாலு. அவளுக்கு ஒன்பது,
முகத்தில் முழு வெயில்.

ஏறும்முன் எல்லாரையும் எடை போடுகிறார்களாம்.
பூட்ஸோட, கோட்டோட, பாவத்தோட என்று சிரித்தாள்.
அதற்குள் திரையில் எண் விழுந்துவிட்டது:
எழுபத்தாறு.
இருபத்திரண்டு வருடமாக என்னிடம் அவள்
அறுபத்திரண்டிலேயே நின்றிருந்தாள்.
உள்ளங்கையால் மறைத்தாள். பிந்திவிட்டது.
"உங்க கட்டிக்கு மேல பதினாறு கிலோ, போதுமா?"

ஒரு பக்கம் சாயாமல் இருக்க
கனம் பார்த்துத்தான் உட்கார வைப்பார்களாம்.
அவளுக்கு ஓட்டுகிறவன் பக்கத்து இருக்கை.
என் லாரியில் அந்த இருக்கையில்
ஐஸ் கொக்கியும் நனைந்த கையுறையும்.

அப்புறம் ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை.

கொண்டை ஊசி வளைவுகள்.
விளக்கு பட்டு விழித்துக்கொள்ளும் ஜாதிக்காய் மரங்கள்,
டுரியானுக்குக் கீழே கட்டிய வலை,
நடுரோட்டில் படுத்து, எழுந்திருக்க மனமில்லாத நாய்.
ஒலி எழுப்பாமல் காத்திருந்தேன்.
பக்கக் கண்ணாடியில்
என் பின்னால் ஓர் ஈரக்கோடு
வளைந்து வளைந்து மலையிறங்கிக்கொண்டிருந்தது.

பாலிக் பூலாவ் கோப்பிக் கடையில்
அவள் எடுத்த காணொளி வந்து சேர்ந்தது.
முழுக்க இரைச்சல். படம் நடுங்கியது.
கறுத்த மலைகளுக்கு நடுவே
யாரோ உதறாமல் விட்டுப்போன படுக்கை விரிப்பு.
கிட்டே போகப் போக அதில் பிளவுகள்.
பிளவுக்குள் மட்டும் ஒரு நீலம்.
அந்த நீலம் எனக்குத் தெரியும்.
கட்டியை இரண்டாகப் பிளக்கையில்
ஒரு கணம் வந்து போகும்.

அடுத்து அவள் குரல்:
"மேலேயே இறக்கி விட்டாங்க.
ஓட்டுற பையன் தூரத்துல ஒரு பாறையக் காட்டினான்.
அவன் ஸ்கூல் படிக்கிறப்ப பனி அது வரைக்கும் இருந்துச்சாம்.
எல்லாரும் படம் பிடிச்சாங்க.
நான் கையுறையக் கழட்டிட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
விடிகாலையில வந்து என் நெத்தியில கை வைப்பீங்களே,
அதே குளிர்.
இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்னு இருந்துச்சு."

கொஞ்சம் காற்று. யாரோ கூப்பிடும் சத்தம்.

"அப்புறம், போன வாரம்
தவுக்கே வீட்டம்மாகிட்ட பாலிசிக் காசு வாங்கப் போனேன்.
யாரும் லீவு கேக்கலையாமே."

அதோடு முடிந்தது குரல்.
இரண்டாம் முறை கேட்டேன்.
கோபமா என்று தெரியவில்லை.
கோப்பி ஆடை கட்டிவிட்டது.

தெலுக் பஹாங் வந்தபோது கடல் வெளுத்திருந்தது.
படகுகள் இரண்டு, பசியோடு பூனைகள் ஏழெட்டு.
பாக் சோம் எதையும் நம்புகிற ஆள் இல்லை;
கடைசிக் கட்டியைத் தராசில் ஏற்றினார்.
ஐம்பத்து மூன்று.

"ஏழு கிலோ எங்கே?" என்றார்.

வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன்.
வெயில் அதற்குள்
பாதிக் கோட்டை அழித்திருந்தது.