மூன்று மூட்டை

"சீமெந்து கண்ணில் படக் கூடாது."
முதல் சந்திப்பில் கிஹான் சொன்னது அவ்வளவுதான்.
அப்புத்தளை முகட்டில் நாற்பது பேர்ச்சஸ்,
கீழே சரிவு முழுக்கத் தேயிலை,
தெளிந்த இரவில் தெற்கே
கடல் ஒரு கோடு.
தாளில் நான் முதலில் வரைந்தது
காற்று வரும் திசை.

கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து
விளக்குக்கு மூடியாக்கலாமே என்றார்.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்றார்.
உள்ளே பல்பு சூடாகும் என்றேன்.
இந்தக் காலத்து பல்பு சூடாகாது.
அது அவருக்கும் தெரியும்.

மூங்கில் வெலிமடையிலிருந்து வந்தது,
லொறியை விட நீளமாய்,
வால்நுனியில் சிவப்புத் துணி கட்டி.
குழி வெட்டித் தார்ப்பாய் விரித்து
போராக்ஸ் கரைத்த நீரில்
பத்து நாள் ஊறப்போட்டோம்.
இல்லாவிட்டால்
விருந்தாளிக்கு முன்பே
வண்டு பந்தியில் உட்கார்ந்துவிடும்.

முகப்புச் சுவருக்குக் கல் வாங்கவில்லை.
அத்திவாரம் தோண்டியபோது
மலையே எடுத்துத் தந்தது.
"பாசி உள்ள பக்கம் வெளியே இருக்கட்டும், சிவனு."
"பாசியைச் சுரண்டத்தான் மிஸ்
இத்தனை நாளும் கூலி வாங்கினேன்."

எங்கோ ஒரு மலையில்
கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கி
விறகுக்குக் குவித்திருந்தார்கள்.
முறுகிய தூர்களை மட்டும் பொறுக்கி வந்து
சோமபால பாஸிடம் கொடுத்தேன்.
சீவினார், தேய்த்தார், எண்ணெய் பூசினார்.
கதவுக்கு ஒரு கைப்பிடி.
இனி உள்ளே வருகிற எவரும்
ஒரு செடியோடு கைகுலுக்காமல்
சாப்பிட முடியாது.

கூரைக்கு மானாப்புல் கேட்டார் கிஹான்.
இந்தக் காற்றில் அது ஓர் ஆடி தாங்காது.
மேலே தகரம் போட்டேன்.
தகரத்துக்கு அடியில்
கவ்வாத்து மலையில் கட்டிவந்த மிலாறு,
நெருக்கி நெருக்கி, விரல் நுழையாமல்.
கண்ணுக்குத் தகரம் இல்லை.
மழை வந்தால் காதுக்கு உண்டு.
அந்தச் சத்தத்தை மறைக்க
நான் எதையும் வரையவில்லை.

உள்சுவருக்கு மண்.
சலித்த செம்மண், வைக்கோல், சாணம்,
ஒரு பிடி சுண்ணாம்பு.
அது காய எத்தனை நாளாகும் என்று
புத்தகம் பார்க்காமலே சொன்னேன்.
எப்படித் தெரியும் என்று
கிஹான் கேட்கவில்லை.

ஐந்தாவது பூச்சு.
கரண்டியைப் போட்டுவிட்டு
வெறுங்கையால் தடவிக்கொண்டிருந்தான் சிவனு.
"எங்க காம்பிராவும் இதே மண்ணுதான் மிஸ்.
பின்சுவரு ஒவ்வொரு மழைக்கும் உதிருது.
சீமெந்து பூசக் காசு சேர்க்கிறேன்.
இங்க சீமெந்தை மறைக்கக் காசு குடுக்கிறாங்க."
குறைபோலச் சொல்லவில்லை.
இரண்டு ஊரில் அரிசி விலை
வேறாக இருப்பதைச் சொல்வதுபோலச் சொன்னான்.
பிறகு சுவரில் ஒரு மேடு கண்டு
உள்ளங்கையால் அழுத்தினான்.

அத்திவாரத்துக்கு எடுத்தது பன்னிரண்டு மூட்டை.
போனது ஒன்பது.
படம் பிடிக்க ஆள் வருகிற நாள்
"அதை எங்காவது அப்புறப்படுத்துங்கள்" என்றார் கிஹான்.
கணக்கில் எழுதினேன்:
கழிவு, மூன்று.
மாலை ஒரு ஆட்டோ
மூட்டைகளோடு சிவனுவையும் ஏற்றிக்கொண்டு
முனகி முனகி இறங்கியது.

திறப்பு நாளில் பனிமூட்டம்
அழைப்பிதழ் இல்லாமல் உள்ளே வந்து
மேசைமேசையாய் நின்றது.
கொழும்பிலிருந்து வந்த ஒருத்தி
சுவரில் கன்னம் வைத்து
கண்ணை மூடிக்கொண்டாள்.
கிஹான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.
எனக்கும் சந்தோசம்தான்,
பொய் சொல்லவில்லை.

அப்போது போன் அதிர்ந்தது.
ஒரு படம்.
சாம்பல் நிறத்தில் பின்சுவர்,
இன்னும் ஈரம் காயாமல்,
மூலை நூல் பிடித்தாற்போல் நேராய்.
கீழே ஒரு வரி:
"மிஸ், பினிஷிங் எப்படி?"

இரண்டு விரலால் பெரிதாக்கி
விளிம்பு விளிம்பாய்ப் பார்த்தேன்.
பிறகு எழுதினேன்:
"நல்லா வந்திருக்கு.
ஏழு நாளைக்குத் தண்ணி தெளிங்க.
வெடிக்க விடாதீங்க."